34ஆம் நாள் அடித்த களைமருந்து

2019 ஆடி மூன்றாம் தேதி. முந்தின ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்ததும் மோட்டார் போடப் போனவன் வரப்பிலேயே நின்றுவிட்டேன். இடுப்பளவு வளர்ந்திருந்த மக்காச்சோளம் திட்டுத் திட்டாகப் படுத்துக் கிடந்தது. காற்றில் சாய்ந்த பயிர் என்றால் இரண்டு மூன்று நாளில் தானே நிமிர்ந்துவிடும், அது தெரிந்ததுதான். ஆனால் கிட்டே போய் ஒரு செடியைத் தூக்கியதும் அது கையோடு வந்துவிட்டது. வேர் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. தரைக்கு மேலே மூன்று விரல் உயரத்தில், கணுவை ஒட்டி, முருங்கைக் கிளை மாதிரி ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் நார்கூட நீண்டு தொங்கவில்லை. கேரட்டை ஒடித்தால் இருக்குமே, அப்படி ஒரு வெட்டு.

பக்கத்துச் செடி நன்றாகத்தான் நின்றது. சந்தேகத்தில் அதை லேசாக வளைத்தேன். படக்கென்று போய்விட்டது. அதற்கப்புறம் எந்தச் செடியையும் தொடவில்லை.

எங்கள் ஊர் வாழப்பாடிக்குப் பக்கம். வடமேற்கே பார்த்தால் சேர்வராயன் மலை. சுற்றிலும் பாக்குத் தோப்பு, மரவள்ளி, இடையிடையே மக்காச்சோளம். மரவள்ளி போட்டால் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். மக்காச்சோளம் நூறு, நூற்றுப்பத்து நாளில் கைக்கு வந்துவிடும், நாமக்கல் கோழித் தீவனத்துக்கு வண்டி களத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதனால்தான் கிணற்றுத் தண்ணீரை நம்பி வருஷம் ஒரு முறையாவது போடுகிறேன். அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் இரண்டரை ஏக்கர் போட்டிருந்தேன்.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம், சோளத்தட்டு எம்மாத்திரம்? விடுப்பா" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி வயல். என்னைவிட இரண்டு நாள் பிந்தி விதைத்தது. அதே காற்றுதான் அங்கேயும் அடித்தது. ஒரு செடிகூட ஒடியவில்லை.

மச்சினனின் மகள் அப்போது வேளாண்மை இளங்கலை கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். போட்டோ அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"மாமா, களைக்கு 2,4-டி அடிச்சீங்களா?"

"ஆமா கண்ணு. நாலு நாள் ஆச்சு."

"எத்தனை இலையில அடிச்சீங்க?"

"34ஆம் நாள்."

"நாளைக் கேக்கல மாமா. இலையைக் கேட்டேன்."

என்னிடம் பதில் இல்லை. விதைத்த நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். இலையை எண்ணிப் பார்த்ததே கிடையாது.

34ஆம் நாள் வரைக்கும் ஏன் இழுத்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. விதைத்த மூன்று நாளுக்குள் அட்ரசின் என்ற களைமருந்தை அடித்திருக்க வேண்டும். அடித்தேன், ஆனால் மண் காய்ந்து கிடந்தது. அட்ரசின் ஈரத்தில்தான் மண்ணில் பரவி வேலை செய்யும். புழுதி மேலே விழுந்தால் சும்மா கிடக்கும். உயிர்த்தண்ணீர் விட்டு, அந்த ஈரத்தில் அடித்திருக்க வேண்டும். நான் அடித்துவிட்டு, மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து மழையை நம்பி உட்கார்ந்தேன். மழை ஒன்பதாம் நாள் வந்தது. சாரணையும் தொய்யக்கீரையும் பார்த்தீனியமும் சோளத்துக்கு முன்னால் முளைத்து நின்றன. இருபதாம் நாள் வாக்கில் ஆள் விட்டுக் கொத்தியிருந்தால் போதும். ஆனி மாதத்தில் வீட்டு வகையில் மூன்று கல்யாணம். அப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது. கடைக்குப் போனேன். "2,4-டி அடிங்க. அகல இலைக் களையை மட்டும்தான் கொல்லும், சோளத்துக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார்கள்.

அதில் பாதி உண்மை. மக்காச்சோளம் புல் இனம். 2,4-டி செடியின் வளர்ச்சி ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற மருந்து. அகல இலைச் செடிக்குள் போனால் கட்டுப்பாடில்லாமல் வளரவைத்து, முறுக்கி, சாகடிக்கும். சோளம் அதை உள்ளேயே சிதைத்துத் தப்பித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தாங்கும் சக்திக்கு ஒரு வயசு உண்டு. பயிர் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போது மேலோடு மேலாக அடித்தாலும் பெரும்பாலும் தாங்கும். அதைத் தாண்டினால் தண்டு வேகமாக நீளத் தொடங்குகிறது, கணுவில் ஊன்று வேர் உருவாகிறது, விரிந்த குருத்து புனல் மாதிரி மருந்தை வாங்கி நேராக நடுவில் இறக்குகிறது. நீண்டுகொண்டிருக்கும் தண்டில் வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாகக் கொட்டினால் என்ன ஆகும்? தண்டு பருக்கும், உறுதி இருக்காது. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட அது கண்ணாடி மாதிரி. அந்த நாட்களில் காற்று அடித்தால் போச்சு. வெயிலும் ஈரமும் சேர்ந்து பயிர் கிடுகிடுவென்று வளர்கிற சமயம் என்றால் இன்னும் மோசம். எனக்கு எல்லாம் சேர்ந்து வந்தது: மழை பெய்த ஈரம், மேலுரம் வைத்த வேகம், ஆடி பிறக்கிற நேரம்.

நியாயமாகச் சொன்னால் பயிர் எனக்குச் சொல்லத்தான் செய்தது. மருந்தடித்த இரண்டாம் நாளே நடுக்குருத்து விரியாமல் வெங்காயத்தாள் மாதிரி உருண்டு நின்றது. சில செடிகளில் தண்டு அடியில் வாத்துக்கழுத்தாக வளைந்திருந்தது. அதையெல்லாம் பார்த்தேன். ஆனால் கீழே சாரணை முறுக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் மேலே இருந்ததை மனசில் வாங்கவில்லை.

அந்த வாரமே பத்து இடத்தில் நூறு நூறு செடியாக எண்ணினேன். சராசரியாக நூற்றுக்குப் பதினேழு ஒடிந்திருந்தது. வரப்போரத்தில் ஆள் திரும்பும் இடங்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல். நின்ற செடிகளும் முழுசாகத் தப்பவில்லை. அப்புறம் வந்த ஊன்று வேர்கள் தனித்தனியாக விரல் விட்டு மண்ணில் இறங்காமல், வாத்துக்காலில் ஜவ்வு ஒட்டியிருக்குமே, அப்படி ஒன்றோடொன்று ஒட்டிப்போய் நின்றன. மண்ணில் பிடிப்பில்லாமல் புரட்டாசி மழையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. வழக்கமாக ஏக்கருக்கு இருபத்தெட்டு குவிண்டால் எடுக்கும் நிலத்தில் அந்த வருஷம் இருபதைத் தாண்டவில்லை.

லீவுக்கு வந்தபோது மச்சினன் மகள்தான் இலையை எண்ணக் கற்றுக் கொடுத்தாள். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மக்காச்சோளத்துக்கு முளைத்தபின் அடிக்கும் எந்த மருந்தையும் வாங்கக்கூடாது என்பது என் கட்சி.

சோள இலையைப் பாருங்கள். தண்டைச் சுற்றிய இலையுறை ஒரு பக்கம், வெளியே விரிந்த இலை ஒரு பக்கம். இரண்டும் சேருமிடத்தில் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை தெரியும், சட்டைக் காலர் மாதிரி. அந்தக் காலர் முழுசாக வெளியே தெரிந்தால்தான் அது ஒரு இலை. குருத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவை, தலை தொங்கியிருந்தாலும், கணக்கில் சேராது. அடியிலிருந்து எண்ண வேண்டும். முதல் இலை மட்டும் நுனி கூராக இல்லாமல் கட்டைவிரல் மாதிரி வட்டமாக இருக்கும், அதிலிருந்து ஒன்று. நம் ஆட்கள் கண்ணால் மதிப்பிடும்போது தொங்குகிற இலையையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். அவர்கள் எட்டு என்றால் காலர் கணக்கில் ஆறாக இருக்கும். மருந்து டப்பாவில் எழுதியிருப்பது எந்தக் கணக்கு என்று பார்க்காமல் அடித்தால் இங்கேயே தப்பு.

எட்டு, பத்து இலை ஆன பயிரில் இன்னொரு சிக்கல் வரும். தண்டு பருக்கும்போது அடி இலைகள் கிழிந்து உதிர்ந்துவிடும், முதல் இலையே இருக்காது. அப்போது ஒரு செடியை வேரோடு பிடுங்கி, கத்தியால் நெடுக்காகப் பிளக்க வேண்டும். அடியில் முதல் நான்கு கணுக்கள் அடுக்கி வைத்த தட்டு மாதிரி நெருங்கி ஒட்டியிருக்கும். அதற்கு மேல் முதன்முதலாக ஒரு விரல் நக அளவு இடைவெளி தெரிந்தால், அந்த இடைவெளிக்கு மேலுள்ள கணு ஐந்தாவது. அதிலிருந்து கிளம்பும் இலை ஐந்தாம் இலை. மேலே எண்ணிக்கொண்டு போகலாம்.

அப்படிப் பிளந்து பார்த்த அன்றுதான் வளர்முனையைக் கண்ணால் பார்த்தேன். தண்டுக்குள்ளே வெள்ளையாக, கூம்பாக, அரிசிக் குருணை அளவில் இருந்தது. நான்கு, ஐந்து காலர் உள்ள செடியில் அது மண்ணுக்குக் கீழே இருக்கிறது. ஆறாம் இலை வாக்கில்தான் தரைக்கு மேலே வருகிறது. எனக்கு ஒரு பழைய விஷயம் அப்போதுதான் விளங்கியது. ஒரு தடவை பதினைந்து நாள் பயிரில் ஆடு புகுந்து ஓரத்து நாலு வரிசையைத் தரையோடு மேய்ந்துவிட்டது. போச்சு என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் தளிர்த்து வந்து நின்றது. உயிர் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. இளம் பயிரில் பாராகுவாட் மாதிரி பட்ட இடத்தை மட்டும் எரிக்கும் மருந்து தெறித்தால்கூட, இலை காய்ந்தாலும் பெரும்பாலும் செடி திரும்பி வருவது இதனால்தான். அதே தெறிப்பு எட்டு இலையில் குருத்துக்குள் இறங்கினால் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு பருவத்திலும் பயிர் எதைத் தாங்கும் என்பது ஓரளவு பிடிபடும். முளைக்கும் முன் அட்ரசின் அடித்தால் சோளத்துக்கு ஆபத்து குறைவு; அந்த மருந்தைச் சிதைக்கும் வேலையைச் சோளம் பிறவியிலேயே தெரிந்து வைத்திருக்கிறது. எங்கள் பக்கம் ஏக்கருக்கு 500 கிராம் பொட்டலம் போடுகிறோம், 50 சதவீதத் தூள். ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போட்டிருந்தால் அட்ரசினைத் தொடக்கூடாது, முளைத்ததும் கருக்கிவிடும். அங்கே பெண்டிமெத்தலின். அதுவும் விதை இரண்டு அங்குலம் ஆழத்தில் மண் மூடி இருந்தால்தான். மேலாக விழுந்த விதையில் பட்டால் வேர் நுனி உருண்டு கட்டையாகி நின்றுவிடும். பயிர் ஒரு அடி உயரம் தாண்டினால் அட்ரசினும் வேண்டாம்.

முளைத்தபின் என்றால் இப்போது நான் நம்புவது டெம்போட்ரையோன் அல்லது டோப்ராமிசோன். முன்னது ஏக்கருக்கு 115 மில்லி, பின்னது 30 மில்லி, இரண்டுக்கும் கூடக் கொடுக்கும் ஒட்டும் திரவத்தோடு. களை இரண்டிலிருந்து நான்கு இலையில் இருக்க வேண்டும். அப்போது சோளமும் சரியாக நான்கைந்து காலரில் இருக்கும், கேட்டுக்கொண்டதுபோல. களை சின்னது, பயிர் வலுவானது, வளர்முனை மண்ணுக்குள். அந்த ஏழெட்டு நாளைத் தவறவிட்டால் மூன்றும் தலைகீழாகிவிடும்.

ஏழெட்டு இலையில் இன்னொன்று நடக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது; உள்ளே கதிரின் வரிசை எண்ணிக்கை முடிவாகிக்கொண்டிருக்கும். சோளக்கதிரை எப்போதாவது எண்ணியிருக்கிறீர்களா? பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று எப்போதும் இரட்டைப்படைதான். பெரம்பலூர் பக்கம் சொந்தக்காரர் ஒருவர் இடுப்பளவுப் பயிரில் சல்ஃபோனைல்யூரியா வகைக் களைமருந்தை மேலோடு அடித்திருந்தார். இலை, தண்டு எல்லாம் பச்சைப்பசேல். அறுக்கும்போது பார்த்தால் கதிர் அடியில் பதினாறு வரிசை, நடுவில் யாரோ கயிறு கட்டி இறுக்கின மாதிரி இடுப்பு சிறுத்து, மேலே எட்டு வரிசை. அவர் விதைக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

என் கதையில் அளவும் ஒரு பாதித் தப்பு. எங்கள் பக்கம் மருந்து அளவு என்றாலே டேங்க் கணக்குதான். "டேங்குக்கு 40 மில்லி போடுங்க" என்பார்கள். ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. எனக்கு அடித்துக் கொடுத்தவர் ஏக்கருக்குப் பதின்மூன்று டேங்க் ஓட்டினார். 520 மில்லி ஆகிவிட்டது. 58 சதவீத அமைன் உப்பு 2,4-டி ஏக்கருக்கு 350 மில்லிக்குள் போயிருக்க வேண்டும். போதாததற்குக் களை அடர்த்தியாக இருந்த இடத்தில் நின்று நிதானமாக இரண்டு தரம் வீசியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, களையைச் சாகடிக்கச் சொல்லித்தானே கூலி கொடுத்தேன்.

இப்போது செய்வது இது. 66 அடி நீளம், 33 அடி அகலம் அளந்து கயிறு கட்டினால் சரியாக ஐந்து சென்ட். டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, அடிக்கப்போகிற அதே ஆளை, அதே நடையில் அந்த இடத்துக்கு அடிக்கச் சொல்கிறேன். எத்தனை லிட்டர் குறைந்ததோ அதை இருபதால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. போன தடவை ஒன்பதரை லிட்டர் போனது. ஏக்கருக்கு 190 லிட்டர், 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டு. ஏக்கருக்கான மருந்தைப் பன்னிரண்டாகப் பங்கு போட்டால் ஒரு டேங்குக்கு எவ்வளவு என்று வந்துவிடுகிறது. நாசிலும் பூச்சிமருந்துக்குப் போடும் கூம்பு நாசில் கிடையாது, விசிறி நாசில். கையை இடவலமாக ஆட்டாமல் நேராகப் பிடித்து நடக்க வேண்டும். ஆட்டினால் ஓரங்களில் இரட்டை மருந்து விழும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு கெட்டிக்காரனாகிவிட்டேன் என்று நினைத்த 2021இல் இரண்டாவது அடி விழுந்தது.

2018இல் படைப்புழு வந்ததிலிருந்து சோளக்காரன் நிம்மதி போய்விட்டது. பதினைந்தாம் நாளே குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் தெரிய ஆரம்பித்துவிடும். களைமருந்து அடிக்கும் நாளும் புழு மருந்து அடிக்கும் நாளும் ஒன்றாக வந்து நிற்கும். ஆள்கூலி மிச்சம் என்று இரண்டையும் ஒரே டேங்கில் கலந்தேன். மீசோட்ரையோனும் அட்ரசினும் சேர்ந்த ரெடிமேட் கலவையோடு வீட்டில் மிச்சமிருந்த குளோர்பைரிபாஸ். காலரெல்லாம் எண்ணித்தான் அடித்தேன், சரியாக நான்கு. ஐந்தாம் நாள் புது இலைகள் வெள்ளைத் துணி மாதிரி வந்தன. பச்சையே இல்லை. சில செடிகளில் குருத்து கருகியது.

"ஏன் மாமா எங்கிட்டக் கேக்கல?" என்றாள். விஷயம் இதுதான். சோளம் மீசோட்ரையோனைத் தாங்குவது அது படாததால் இல்லை, பட்டதை உள்ளே இருக்கும் நொதிகள் வேகமாக உடைத்துவிடுவதால். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதிகளின் கையைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. ஆக, களைக்கு வைத்த விஷம் பயிருக்கும் விஷமாகிவிடுகிறது. சல்ஃபோனைல்யூரியா வகையோடு கலந்தாலும் இதே ஆபத்து. மப்பும் குளிருமாகப் பயிர் சோம்பிக் கிடக்கும் நாட்களில் அந்த உடைக்கும் வேலை தானாகவே மந்தமாகிவிடும். அப்போது தனியாக அடித்தாலே கொஞ்சம் வெளுக்கும். இப்போது ஒரு வாரமாவது இடைவெளி விட்டுத்தான் இரண்டையும் அடிக்கிறேன். அதுவும் புழுவுக்கு அந்த வகை மருந்தே எடுப்பதில்லை.

அந்தத் தடவை செடிகள் பெரும்பாலும் தேறிவிட்டன. கருகினவை போக, மற்றவை பதினைந்து நாளில் பச்சை திரும்பியது, விளைச்சலிலும் பெரிய அடி இல்லை. நடுவில் அந்த வெள்ளை இலையைக் காட்டி, கடையில் என் தலையில் இரண்டு டானிக் பாட்டில் கட்டிவிட்டார்கள். டானிக் அடிக்காத நாலு வரிசையும் அதே நாளில்தான் பச்சையானது. தண்ணீர் காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

வெளுப்பைப் பார்த்ததும் மருந்துதான் என்று முடிவு கட்டவும் கூடாது. துத்தநாகம் குறைந்தாலும் சோளக்குருத்து வெளுக்கும். வித்தியாசம் என்னவென்றால், துத்தநாகக் குறையில் நடு நரம்புக்கு இரு பக்கமும் இலையின் அடிப்பாதியில் பட்டையாக வெளுப்பு ஓடும். நடு நரம்பும் ஓரமும் பச்சையாகவே இருக்கும். வயலிலும் மேடு, சுண்ணாம்பு மண் என்று இஷ்டத்துக்குத் திட்டாக இருக்கும். மருந்தென்றால் ஆள் நடந்த பாதையில் கோடாக இருக்கும். திரும்பிய இடத்தில் கூடுதலாக, டேங்க் தீர்ந்த இடத்தில் சட்டென்று நின்றுபோயிருக்கும். செடியைப் பார்ப்பதற்கு முன்னால் வரப்பில் ஏறி நின்று முழு வயலையும் பார்க்கச் சொல்வேன். ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் அடியில் போட்டிருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஏற்காடு அடிவாரத்தில் கால் ஏக்கர் ஸ்வீட் கார்ன் போட்டிருந்த நண்பர் ஒருவர், தீவனச் சோளத்துக்கு நான் அடிப்பதைப் பார்த்து அதே டெம்போட்ரையோனை அதற்கும் அடித்துவிட்டார். பயிர் வெளுத்துக் குறுகிவிட்டது. ஸ்வீட் கார்னில் சில ரகங்களுக்கு அந்த உடைக்கும் நொதியே சரியாக இருக்காதாம். ரகம் தெரியாமல் அடிப்பதென்றால் முதலில் பத்துச் செடியில் அடித்து ஒரு வாரம் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் சோளத்தின் மேலேயே கிளைபோசேட் களைமருந்து அடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பவர்களும் உண்டு. அது மரபணு மாற்றிய விதை. அங்கே 1998இல் வந்தது. நம் நாட்டில் அப்படிப்பட்ட மக்காச்சோளத்துக்கு அனுமதி கிடையாது. நம் விதையில் அடித்தால் களையோடு சோளமும் போகும், அவ்வளவுதான்.

2019 கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. நான் அடித்த அன்று காற்று கிழக்குப் பார்த்து வீசியது. அந்தப் பக்கம் இன்னொருவரின் மரவள்ளி. மூன்றாம் நாள் ஓரத்து ஆறு வரிசையில் இலைகள் கிண்ணம் மாதிரி குவிந்து, காம்பு முறுக்கிக்கொண்டது. மரவள்ளியும் அகல இலைதானே. பருத்தி, தக்காளி எல்லாம் இன்னும் மென்மை, 2,4-டியின் வாடைக்கே சுருண்டுவிடும். நான் வாங்கியது அமைன் உப்பு. எஸ்டர் வகையாக இருந்திருந்தால் ஆவியாகி இன்னும் தூரம் போயிருக்கும். பேசி, ஆறு வரிசைக் கிழங்குக்குப் பணம் கொடுத்து முடித்தோம். இன்றும் நான் டேங்க் தூக்கினால் அவர் வரப்புக்கு வந்து நின்று காற்றைப் பார்ப்பார். நான் ஒன்றும் சொல்ல முடியாது.

களைமருந்துக்கென்று தனி டேங்க் வாங்கிச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், மூன்று தரம் கழுவிய டேங்கில்தான் வீட்டுத் தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தேன். இரண்டே நாளில் தக்காளி இலை பெரணி மாதிரி சுருண்டது. வெறும் தண்ணீரில் கழுவினால் 2,4-டி போகாது. சலவைச் சோடா கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்து, குழாய், நாசில் எல்லாம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.

தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றும் அடிக்காமல் விடலாம் என்பேன், பலருக்குப் பிடிக்காது. சோளத்துக்குக் களையால் சேதம் பெரும்பாலும் முதல் நாற்பது நாளில்தான். அதற்கப்புறம் பயிர் மூடிக்கொள்ளும், கீழே வரும் களை வெயில் இல்லாமல் வதங்கும். உயரமாக வளர்ந்து கதிர் அறுக்க விடாத களை மட்டும் இருந்தால் ஆள் விட்டுப் பிடுங்குகிறேன். கொண்டை வெளியே வந்ததிலிருந்து மணி முற்றும் வரை 2,4-டி பக்கமே போகக்கூடாது. மணி பிடிக்காமல் கதிர் சொத்தையாகிவிடும்.

இந்த வருஷம் இரண்டு ஏக்கர் போட்டிருக்கிறேன். இன்றைக்குப் பதினேழாம் நாள். வாய்க்காலை ஒட்டிய கீழ்க்கோடியில் ஐந்து காலர், மேட்டுப் பக்கம் நான்குதான். ஒரே நாள் விதைத்த ஒரே விதை. மருந்தடிக்கிற தம்பி காலையில் வந்து மேட்டுப் பக்கமே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். "அண்ணா, கட்டைவிரல் இலையைச் சேத்துட்டேன், நாலு. கீழ இன்னைக்கே அடிச்சிடலாம், மேல ரெண்டு நாள் விடலாம்" என்றான். களை எத்தனை இலை என்று கேட்டேன். அதை அவன் எண்ணவில்லை. மறுபடி குனிந்தான்.